லீவு நாளில் நான் செய்த தப்பு

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில் தெரியாது. நீயோ பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறாய். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

போடியில் அதே ஏலக்காய்க் கம்பெனியில்தான் இருக்கிறேன். காய் பொறுக்கச் சேர்ந்தவள், இப்போது மூட்டைகளுக்குத் தரம் பார்த்துச் சீட்டு எழுதுகிறேன். கூடம் முழுவதற்கும் என்னையே சூப்பர்வைசர் ஆக்குவதாக முதலாளி போன மாதம் சொன்னார். அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே, கதை அங்கே நிற்கவில்லை.

போன வாரம் ஒரு மூட்டை திரும்பி வந்தது. பெரிய காய் என்று சீட்டு, உள்ளே அத்தனையும் சின்னக் காய். முதலாளி அதை நடுக்கூடத்தில் போட்டு, "எவ எழுதுனது இத?" என்று கத்தினார். எல்லாப் பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நான்தான்ணே" என்றேன்.

அவர் சீட்டிலிருந்த தேதியைப் பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "ஏம்மா, அன்னிக்கு ஆண்டிபட்டியில கல்யாணம்னு நீ லீவுல்ல போட்டுருக்க? அங்கன இருந்தா எழுதுன?"

எல்லோரும் சிரித்தார்கள். அசடு வழிய நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீ யாரையோ மூடி மறைக்கிற. ஒன்னய நம்பி எப்பிடிக் கூடத்த விட்டுட்டுப் போவேன்? யாரு தப்பு செஞ்சாலும் உள்ளத உள்ளபடி சொல்ல முடியுமா? திங்கக்கெழம பதில் சொல்லு" என்று போய்விட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யாரையும் மறைக்கவில்லை. யார் எழுதியது என்றே அப்போது எனக்குத் தெரியாது. ஒரு ஆம்பளைக் குரல் உயர்ந்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

அந்தக் கேரளா லாட்டரிச் சீட்டு ஞாபகம் இருக்கிறதா? அப்பா குமுளியில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்ததை நீ பார்க்காமல் துவைத்துவிட்டாய். அவர் பெல்ட்டை உருவிக்கொண்டு, "எவடி தொவச்சது?" என்று கேட்டார். எனக்கு ஒன்பது வயது. "நான்தான்ப்பா" என்றேன். எனக்கு இரண்டு அடியோடு முடிந்தது. உனக்கென்றால் அவர் கை ஓய்ந்த பிறகுதான் நிற்கும். அதற்கப்புறம் வீட்டில் கருகின சோறு, கவிழ்ந்த எண்ணெய் எல்லாவற்றையும் நான்தான் செய்தேன்.

அந்தச் சீட்டு நாளில், நான் வாயைத் திறக்கும் முன் நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையைப் பற்றித்தான் கேட்கிறேன். சொல்லு என்றாயா, சொல்லாதே என்றாயா? அப்புறம் "என் தங்கம்ல" என்று முட்டை பொரித்துக் கொடுத்தாயே, அது எதற்கு?

இந்தப் பழக்கத்தால்தான் நான் முன்னுக்கு வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். முதலாளி பைக்கை ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அவர் கோபமாக இருக்கிறாரா என்று எனக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு லீவு கேட்கலாமா என்று மற்ற பெண்கள் என்னிடம்தான் விசாரிப்பார்கள். கெட்டிக்காரி என்று பெயர். இதை நான் எங்கே படித்தேன் என்பது உனக்குத் தெரியும்.

நேற்று முத்துலட்சுமி வீட்டுக்கு வந்தாள். நான் லீவில் இருந்தபோது என் இடத்தில் சீட்டு எழுதியவள் அவள்தானாம். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து டீ போட எழுந்தேன்.

"டீயெல்லாம் வேணாம்க்கா. ஒங்கள யாரு நடுவுல விழச் சொன்னா? நானே சொல்லலாம்னு எந்திரிக்கப் போனேன், நீக முந்திக்கிட்டீக. இப்ப நான் ஒளிஞ்சுக்கிட்டேன்னு எல்லாரும் பேசுறாக. மொதலாளி கத்துவாக, அம்புட்டுத்தான? அடிக்கவா போறாக?"

அடிக்க மாட்டார். இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் போனதிலிருந்து மண்டை குடைகிறது. அன்றைக்கு நீயும் சொல்லத்தான் வாயெடுத்தாயா? நான்தான் முந்திக்கொண்டேனா? அப்படியானால் உன்மேல் இவ்வளவு காலம் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வது? இல்லை, என்னை முன்னால் விட்டுவிட்டுத்தான் நின்றாய் என்றால், உனக்காக அழுத அழுகையை என்ன செய்வது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை அம்மா.

அப்பா தேவதானப்பட்டியில் தம்பி வீட்டில் இருக்கிறார். பேரன் அதட்டினால் டிவியை நிறுத்திவிடுகிறார். பார்த்தால் பாவமாக இருக்கிறது. பாவப்படுகிறேனே என்று என்மேலேயே எரிச்சலும் வருகிறது.

நாளைக்குத் திங்கட்கிழமை. உள்ளதை உள்ளபடி சொல்ல முடியும் என்றுதான் முதலாளியிடம் சொல்லப் போகிறேன். தெரிந்ததைத் தெரியும் என்பேன், தெரியாததைத் தெரியாது என்பேன். செய்தவள் எழுந்து பேசும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டாவது பொறுத்திருப்பேன். நான் செய்யாததைச் செய்தேன் என்று இனி யாருக்காகவும் சொல்ல மாட்டேன்.

உனக்காகக்கூட, அம்மா.

உன் மூத்த மகள்,
பேச்சி