கடிக்காத அமீபா

ஜூலை 14, செவ்வாய்.

இன்று என் ஆய்வகத்தில் வளரும் வயிற்றுக்கடுப்பு அமீபா குடல் செல்களைத் தின்னவில்லை. இந்த வருடம் இதைவிடப் பெரிய விசேஷம் எனக்கு இல்லை.

செல்களைக் கரைக்கும் நொதியை அமீபா தனக்குள்ளே தயாரித்து, நுண்ணிய பைகளில் ஏற்றி வெளியே அனுப்புகிறது. அந்தப் பைகளை நடத்திச் செல்லும் ஒரு புரதத்தை மட்டும் இல்லாமல் செய்திருந்தேன். நொதி குறையவில்லை, உள்ளேயே தேங்கிவிட்டது. தட்டில் வளர்த்த செல்கள் ஓர் ஓட்டைகூட இல்லாமல் பாய் விரித்தாற்போல் கிடந்தன.

துறைத்தலைவர் வந்தார். இந்த ஆய்வை மூடிவிடலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிற மனிதர்.

"ஓய், உம்ம அமீபா செத்துப்போயிருக்கும், கேட்டோ. பிணம் கடிக்குமா?"

"குனிஞ்சு பாருங்கோ சார்."

நுண்ணோக்கியில் பார்த்தார். ஒவ்வொன்றும் ஜம்மென்று ஊர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு நிமிர மனம் வரவில்லை.

"அய்யோ, ஜீவனோட இருக்கே! சரி, நடக்கட்டும். மூட வேண்டாம்."

சாப்பிடும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னன்னா, தனியா சிரிக்கறேள்?" என்றாள் மனைவி. எல்லாம் சொன்னேன்.

"சரக்கு இருக்கு, வண்டிக்காரன் லீவு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். இது அந்த மனிதருக்கு இத்தனை வருடம் மண்டையில் ஏறவில்லை. அவரை நன்றாகத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்று கோபமே வரமாட்டேன் என்கிறது. காலையில் வந்துவிடும்.