குடிசைக் காவல்

12.11.1997, புதன், இரவு

இடியுடன் கனமழை, ஓடைகளில் திடீர் வெள்ளம் வரலாம் என்று மாலை ரேடியோவில் சொன்னார்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடையின் கரையில் குடிசை போட்டிருக்கும் செல்வி அக்காவிடம் ஓடினேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்கக்கா."

"போன மழைக்குப் போய்ட்டு வந்தா குடிசையப் பிரிச்சுப் போட்டுட்டானுங்க. கார்த்திகை தீபத்துக்கு வர்றவங்க கண்ணுல நாங்க படக்கூடாதாம். நான் இங்கயே குந்திக்கிறேன். புள்ளைங்கள மட்டும் இட்டுனு போ தம்பி."

வெள்ளத்தைவிட அதிகாரிகளுக்குப் பயப்படும்படி ஒருத்தியை ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் என் பாயில் படுத்திருக்கிறார்கள். சின்னவன் தூங்கிவிட்டான். மலைமேல் இடிக்கிறது.

"அம்மா எப்போண்ணா வரும்?" பெரியவள் மறுபடியும் கேட்கிறாள்.

மழை வலுத்துவிட்டது. விடிந்ததும் குடிசையைப் பிரிக்க எவன் வந்தாலும் நான் மறிக்கிறேன் என்று சொன்னால் அக்கா கிளம்புவாளா? போய்க் கேட்கிறேன். டார்ச்சை எங்கே வைத்தேன்