டிராகனுக்கு நான் எழுதிய கண்

துபாய்,
16.2.2025, ஞாயிறு

அன்பு மகன் சஜினுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நானும் மருமகள் ஷிஜியும் பெர்சியும் சாப்பிட்டுத் தூங்கி, இடையில் சண்டை போட்டுச் சமாதானமாகி நன்றாகவே இருக்கிறோம். தம்மாமில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று இன்று காலை பூசையில் உன் பெயரைச் சொல்லி முழங்காலிட்டேன், எழும்பத்தான் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. போனில் பேசாமல் அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் சமையலறை வரை கேட்கும், நான் சொல்லப்போவது உன் மகளுக்குக் கேட்கக் கூடாது. இங்கே உன்னோடு வேலை செய்த மகேசன் செவ்வாய்க்கிழமை உங்கள் தம்மாம் கிளைக்கு ஸ்டாக் பார்க்க வருகிறானாம், அவன் கையில் இதையும் ஒரு டப்பா முந்திரிக்கொத்தும் கொடுத்தனுப்புகிறேன். முந்திரிக்கொத்தை ரூமில் எல்லாருக்கும் கொடு, கடிதத்தை நீ மட்டும் வாசி. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, வரி மேலேயும் கீழேயும் போகும், பொறுத்துக்கொள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நான் உன்னைக் கூப்பிட்டு, உன் மகள் சாத்தானுடைய படகில் ஏறப் போகிறாள் தடுத்து நிறுத்து என்று அழுதேனே, நீயும் அம்மா சொல்லுக்கு மறுசொல் இல்லாமல் அவளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாயே, அதைத்தான் எழுத வந்தேன். என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. அல் கூஸ் குடோனில் உன்னோடு வேலை செய்த ஆட்களெல்லாம் சேர்ந்து இந்த வருடம் சீனாக்காரக் கம்பெனிகளுக்குள் நடக்கும் டிராகன் படகுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். இருபது பேர் துடுப்பு போட, படகின் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்து மேளம் அடிக்க வேண்டும், அந்த ஆள் எடை குறைவாக இருக்க வேண்டுமாம். மேளம் அடிக்க வைத்துப் பார்த்து உன் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள், பன்னிரண்டு வயதுக்கு அவள் இருக்கிற இருப்பு உனக்குத் தெரியுமே, காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதோடு அவள் நன்றாகப் படம் வரைவாள் என்று, படகின் முன்னால் மாட்டுகிற மரத்தலையையும் வர்ணம் அடிக்க வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். மகேசன் அதை வேனில் கொண்டுவந்து ஹாலில் வைத்துப் போர்வையை எடுத்தான். மக்களே, நீயே பார்த்திருந்தாலும் பயந்திருப்பாய். நம் ஊர்க் கோயிலில் தேவதூதர் மிக்கேல் சம்மனசின் சொரூபத்துக்குக் காலடியில், ஈட்டி குத்திய சாத்தான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்குமே, அதே முகம், அதே பல். சம்மனசு மிதித்து வைத்திருப்பதை நாம் ஹாலில் உட்கார வைப்பதா என்று கேட்டு, அதைப் பால்கனியில் கொண்டு போட்டு, தீர்த்தத் தண்ணீர் தெளித்து, பெட்ஷீட்டால் மூடிய பிறகுதான் உனக்குப் போன் போட்டேன்.

நீ வேண்டாம் என்று சொன்னதும் பெர்சி ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. சரி அப்பா என்று போனை வைத்துவிட்டு, படகில் ஏறமாட்டேன், வர்ணம் மட்டும் அடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னாள். அன்றையிலிருந்து நீ கூப்பிடும்போதெல்லாம் அவளுக்கு ஹோம்வொர்க் இருந்தது, குளிக்கப் போயிருந்தாள், தூங்கிவிட்டாள். அதெல்லாம் நானும் ஷிஜியும் அவளுக்காகச் சொன்ன பொய். நீ தம்மாமுக்கு மாறிப் போன இந்த எட்டு மாதத்தில் ஏற்கெனவே பாதிப் பேச்சுதான் மிச்சம் இருந்தது, அதுவும் போனது. ஷிஜி டியூட்டிக்குப் போனால் நானும் அவளும் பால்கனியும்தான். அவள் செதில் செதிலாக வர்ணம் வைப்பாள், நான் கதவுக்குப் பின்னால் நின்று செபமாலை உருட்டுவேன்.

ஒரு நாள் அவளே திரும்பிப் பார்த்து, “அம்மச்சி, இது நீங்க நினைக்கிற டிராகன் இல்ல. நெருப்பெல்லாம் கக்காது. இது தண்ணியில கிடக்கிறது, மேகத்துல ஏறி மழை கொண்டு வரும், சீனாவுல மழை இல்லைன்னா இதுகிட்டதான் கேப்பாங்களாம்” என்றாள். மழை கொடுக்கிறதா என்று கேட்டேன், அப்படியானால் இந்த ஊருக்கு ஒன்று வந்தால் நல்லதுதான் என்றேன், சிரித்துவிட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. பிறகு விரல் விட்டு எண்ணிச் சொன்னாள், மானுடைய கொம்பு, மீனுடைய செதில், கழுகின் நகம், மாட்டின் காது, ஒட்டகத்தின் தலை. ஒட்டகம் எப்படி அதற்குள் வந்தது, விசாவுக்கு ஸ்பான்சர் கிடைத்ததா என்று கேட்டேன். ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு அருவியையே தாண்டிக் குதிக்கிற கெண்டை மீன்தான் டிராகன் ஆகிவிடும் என்று அவர்களுக்கு ஒரு கதையும் உண்டாம். அதைக் கேட்டதும் என் மனசு கொஞ்சம் இளகிவிட்டது. ஐம்பது வருடம் மீன் அறுத்த கை இது, ஒரு மீன் அவ்வளவு பெரிய பதவிக்கு வந்தது என்றால் நமக்கும் பெருமை இல்லையா. மறுநாள் பெட்ஷீட்டை எடுத்து மடித்து வைத்தேன், வெயில் படாமல் ஹாலுக்குள் கொண்டுவரவும் சொன்னேன்.

இனி வருவது என் குற்றம். வியாழக்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்தில், ஷிஜி டியூட்டியில். வர்ணமெல்லாம் முடிந்து தலை பளபளவென்று இருக்கிறது, பச்சைச் செதில், பொன் நிறத் தாடி, ஆனால் கண் இரண்டும் வெள்ளையாகக் கிடக்கிறது, கருமணி இல்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நாளை மறுநாள் தண்ணீரில் இறங்கப் போகிற படகு, குருடாகவா போகும்? உன் அப்பா இருந்த வரை வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் சிலுவையைப் புதுசாக எழுதாமல் கடலில் இறக்கியதுண்டா? முன்னால் போகிற முகம் ஒழுங்காக இருக்க வேண்டும், அதுதான் என் மனசில் ஓடியது. அவளுடைய கறுப்பு வர்ணத்தையும் தூரிகையையும் எடுத்து, மாதாவே என்று சொல்லி, இரண்டு கண்ணிலும் வட்டமாகக் கருமணி எழுதிவிட்டேன். இடது கண் கொஞ்சம் மூக்கைப் பார்த்தது, பரவாயில்லை. இவ்வளவு அழகாக இருக்கிறதே, போட்டிக்கு வருகிறவன் எல்லாம் பார்ப்பானே என்று, மிச்ச வர்ணத்தில் வலது கன்னத்தில் கண்ணேறுக்கு ஒரு பொட்டும் வைத்தேன், நீ குழந்தையாக இருந்தபோது வைத்த அதே இடத்தில்.

பெர்சி வந்து பார்த்தாள். “ஓ மை காட் அம்மச்சி, என்ன செஞ்சிட்டீங்க” என்று பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். கண்ணை வேண்டுமென்றேதான் வைக்காமல் விட்டிருந்தாளாம். தண்ணீரில் இறக்கும் முன்னால், பெரியவர் ஒருவர் வந்து எல்லார் முன்னிலையிலும் சிவப்பு மை தொட்டுக் கண் வைப்பாராம், அப்போதுதான் டிராகன் விழித்துக்கொள்ளுமாம். முன்னொரு காலத்தில் ஒருவர் சுவரில் டிராகன் வரைந்து கண் மட்டும் வைக்காமல் விட்டிருந்தாராம், ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டுக் கண் வைக்கச் செய்ததும் அது சுவரை உடைத்துக்கொண்டு பறந்துவிட்டதாம். நான் ஹாலை ஒருமுறை பார்த்தேன், நல்லவேளை இருந்த இடத்தில் இருந்தது. குடோனின் சீனாக்கார மானேஜருடைய அம்மா, எண்பத்தொரு வயது, சீன வருடப்பிறப்புக்கு மகனிடம் வந்தவள், அந்தக் கண் வைப்பதற்காகவே ஊருக்குத் திரும்பாமல் இருக்கிறாளாம். “இனிமே என்னை குடோன் பக்கமே விடமாட்டாங்க, படகுலதான் ஏறலை, நான் அடிச்ச தலையையாவது தண்ணியில பாக்கலாம்னு இருந்தேன்” என்று பிள்ளை சொல்லச் சொல்ல நான் போனைத் தேடி எடுத்தேன். மகேசனுக்குப் போன் போட்டேன். “ஐயோ அம்மா, கெடுத்துப் போட்டியளே” என்றான், பிறகு என் அழுகையைக் கேட்டுவிட்டு, “சரி சரி, பயப்பிடாதேங்கோ, நாளைக்கு நான் வந்து கூட்டிக்கொண்டு போறன், ஆனா கதைக்கிறது நீங்கள்தான்” என்றான். யாழ்ப்பாணத்துக்காரன் என்றாலும் பெற்ற பிள்ளை மாதிரி.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் மதியத்தோடு விட்டதும் தலையைப் பெட்ஷீட்டில் பொதிந்து, இதே முந்திரிக்கொத்தில் ஒரு டப்பாவும் எடுத்துக்கொண்டு போனோம். ஏசிப் பெட்டிகள் அடுக்கிய நடுவில் ஒரு நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள், என்னைவிடச் சின்ன உருவம். நான் பெட்ஷீட்டை எடுத்துவிட்டு, தப்பு என்னுடையது, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, குருடாகக் கடலுக்கு அனுப்ப மனசு வரவில்லை என்று தமிழில் சொன்னேன். மகேசன் அதை இங்கிலீஷில் சொன்னான், மானேஜர் அதைச் சீனத்தில் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு கன்னத்துப் பொட்டில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டாள். பிறர் கண் படாமலிருக்க எங்கள் குழந்தைகளுக்கு வைப்பது என்றேன். அது மூன்று பாஷை தாண்டிப் போய்ச் சேர்ந்ததும் அவள் சிரித்தாள் பார், நாற்காலி ஆடியது. தன் மகனுக்குச் சின்ன வயதில் புலித்தொப்பி போட்டுவிட்டதும் இதற்குத்தான் என்று அந்த மானேஜரின் தலையைத் தட்டிக் காட்டினாள், அவர் முகம் சிவந்துவிட்டது. அப்புறம் சிவப்பு மையைத் தொட்டு, நான் எழுதிய கருமணிக்குள்ளேயே இரண்டு புள்ளி வைத்தாள். தூக்கம் கலைத்தது நீ, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் சொல்லிவிடுகிறேன் என்று சொன்னாளாம்.

அதோடு முடிந்ததென்று நினைத்தேன். அந்த அம்மா மேளம் அடிப்பது யார் என்று கேட்டாள். பெர்சி இல்லையென்று ஆன பிறகு போர்க்லிப்ட் ஓட்டுகிற லுக்மானைத்தான் முன்னால் உட்கார வைத்துப் பழகினார்களாம், தொண்ணூறு கிலோ, உட்கார்ந்ததும் டிராகன் தண்ணீர் குடித்ததாம். இந்தப் பிள்ளைதான் நன்றாக அடித்தது, இதன் பாட்டி பயந்ததால் அப்பா விடவில்லை என்று மானேஜர் உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா எழும்பி வந்து, மேளக்குச்சி இரண்டையும் பிள்ளையிடம் நீட்டாமல் என் கையில் வைத்தாள். மக்களே, அந்த நேரத்தில் நான் உனக்கு இரண்டு தடவை போன் போட்டேன், நீ சைட்டில் இருந்தாய், உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்று எனக்குத் தெரியும். பெர்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லைப் ஜாக்கெட் உண்டா என்று கேட்டேன், உண்டு என்று மகேசன் சொன்னான், குச்சியை அவள் கையில் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். ஷிஜிக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னேன், அவள் மேல் கோபப்படாதே.

நேற்றுக் காலைதான் போட்டி. அவர்கள் நாட்டில் இதைக் கோடையில்தான் நடத்துவார்களாம், இங்கே ஜூனில் நடத்தினால் துடுப்பு போடுகிறவனை அவித்தே எடுக்கலாம் என்று குளிர்காலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். எட்டுப் படகு. எல்லாரும் முன்னால் பார்த்துப் போகிறார்கள், மேளக்காரி மட்டும் துடுப்பு போடுகிறவர்களைப் பார்த்து உட்கார்ந்து முதுகுப் பக்கமாகப் போகிறாள். விசில் ஊதியதும் நம் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் தண்ணீரை அடித்தார்கள், ஏழாவதாகக் கிடந்தார்கள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. யார் இப்படிக் கத்துகிறது என்று பார்த்தேன், உன் மகள்! “யல்லா! யல்லா! லுக்மான் அங்கிள், நீங்க லேட்டு! ஜல்தி பாய், ஜல்தி!” வீட்டில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற பிள்ளை, இருபது ஆம்பிளைகளை மேய்த்துக்கொண்டு போகிறாள், அடி பிசகவில்லை. துடுப்பெல்லாம் ஒரே கை போல விழ ஆரம்பித்தது. ஆறு, ஐந்து, நாலு. நான் கரையோடு ஓடினேன், ஆமாம் இந்த முழங்காலோடுதான், செருப்பு ஒன்று எங்கேயோ போனது. சீனத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் கத்தினாள், நான் நம் பாஷையில் கத்தினேன். மூன்றாவதாக வந்தார்கள், மக்களே, எட்டில் மூன்று! லுக்மான் சந்தோஷத்தில் தண்ணீருக்குள் குதித்து, அவனைத் தூக்க நாலு பேர் குதிக்க வேண்டியதாயிற்று. பிள்ளைக்குக் கழுத்தில் மெடல் போட்டார்கள். என் பேத்தி என்று அங்கே நின்ற பிலிப்பைன்ஸ்காரி, மலையாளத்தான், போலீஸ்காரன் எல்லாரிடமும் சொன்னேன், யாருக்கு என்ன புரிந்ததோ.

ஆனால் கரையேறி என்னைக் கட்டிக்கொண்டு அவள் முதலில் சொன்னது, “அப்பாட்ட சொல்லிராதீங்க அம்மச்சி” என்றுதான். அந்த மெடலைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டுவாளாம், உனக்கு மட்டும் மாட்டாளாம், உன் சொல்லை மீறிவிட்டோம் என்று பயம். உனக்குத்தான் முதலில் காட்ட ஆசை என்று எனக்குத் தெரியாதா. நீ வேண்டாம் என்று சொன்னது என்னால், அந்தச் சொல்லை இப்போது நானே எடுத்துப் போடுகிறேன். கோபம் இருந்தால் என் மேல் காட்டு, நான் பெற்றவள், தாங்குவேன். மகேசன் எடுத்த ஒரு போட்டோவை உள்ளே வைத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு வாயை முழுசாகத் திறந்து கத்துகிறாள், பின்னால் டிராகனின் ஒரு கொம்பு தெரிகிறது. கத்துகிற முகம் அப்படியே நீதான்.

பிரஷர் மாத்திரையை விடாமல் போடு, டியூட்டி டியூட்டி என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளாதே. ஈஸ்டருக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், என் ஆசீர்வாதம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் உன் தலைமேல் இருக்கும். மறக்காமல் ஒன்று செய். புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள், அப்போது கூப்பிடு, போனை நான் எடுக்கமாட்டேன், ஷிஜியும் எடுக்கமாட்டாள், அது அடித்துக்கொண்டே கிடந்தால் அவள் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஹலோ என்றதும், சாப்பிட்டாயா படித்தாயா என்று ஆரம்பிக்காதே. “எட்டுல மூணாமே?” என்று மட்டும் கேள். மற்றதை அவளே சொல்லிக்கொள்வாள், நீ போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுகிர்தராணி