நாம் செய்த உப்பு ஆட்டம்

பரணைச் சுத்தம் செய்யும்போது உன் கடைக் கீபோர்டு ஒன்று கையில் கிடைத்தது. திருகாணியெல்லாம் துருப்பிடித்திருந்தது, கடற்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? வலப்பக்க அம்புக்குறிப் பொத்தான் மட்டும் குறியே இல்லாமல் வழவழவென்று தேய்ந்திருந்தது. தனியாக நின்று சிரித்தேன். நம் ஆட்டத்தில் ஆள் வலது பக்கம் மட்டும்தானே ஓடுவான்! அவனை இடது பக்கம் திருப்ப நமக்குத் தெரிந்தால்தானே!

2005. கோட்டக்குப்பத்தில் உன் பிரவுசிங் சென்டர். டைப் அடித்துக் கொடுக்க நான் தினமும் மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். இருவரும் கம்ப்யூட்டர் வகுப்பில் அரைகுறையாகப் படித்த சி மொழியில் வட்டம் போடத் தெரியும், கோடு போடத் தெரியும். "இந்த வட்டத்த ஓட வைக்க முடியுமாடா?" என்று ஒரு மத்தியானம் கேட்டாய். ஒரு வட்டத்தை அழித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று போட்டால் ஓடுகிற மாதிரித் தெரிகிறது என்று கண்டுபிடித்தோமே, அப்போது நாம் போட்ட கூச்சலில் பக்கத்து பிரியாணிக் கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"உங்க ஊரு உப்பளத்தையே வெச்சு ஒரு கேம் பண்ணலாம்டா" என்றாய். எனக்கு அது புது இடமா என்ன? அப்பாவும் அம்மாவும் அளத்தில் உப்பு வாருகிறவர்கள். ஆள் பாத்தியிலிருந்து கூடையில் உப்பை அள்ளி வந்து வலது ஓரத்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். கொட்டியதும் தானாக மறுபடி பாத்தியில் முளைப்பான். மழை தூறினால் ஓடிப் போய் அம்பாரத்தைத் தார்ப்பாயால் மூட வேண்டும். மூடாவிட்டால் உப்பு கரைந்து ஆட்டம் முடிந்துவிடும். அவ்வளவுதான். அதைச் செய்வதற்குள் எத்தனை முறை அந்த ஆள் திரையைத் தாண்டி ஓடிக் காணாமல் போனான்!

அதற்குள் உனக்குத் துபாய் விசா வந்துவிட்டது. ஆட்டத்துக்கு நீ வைத்த பரீட்சை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "நான் ஏர்போர்ட் போறதுக்குள்ள, நம்மளத் தெரியாத ஒருத்தராச்சும் ஆடிட்டு, இன்னொரு வாட்டின்னு கேக்கணும். கேட்டாத்தான் அது கேமு."

விண்ணப்பம் டைப் அடிக்க இடையஞ்சாவடியிலிருந்து செல்வி என்று ஒரு பெண் வந்தாள். வீட்டில் மணிலாக் கடலைப் பயிர், மழையை நம்பித்தான் விளைச்சல். கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தோம். நன்றாகத்தான் உப்பு சுமந்தாள். மழை வந்ததும் கையை எடுத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். நான் வாயைத் திறக்கப் போக, நீ என் தொடையைக் கிள்ளினாய். அம்பாரம் கரைந்து போனது.

"மழ வந்துடுச்சே, நான் ஜெயிச்சிட்டேனா?" என்றாள்.

மழை வந்தால் ஜெயித்த மாதிரியா! எங்கள் ஊரில் மேகம் கறுத்தால் தார்ப்பாயைத் தேடி ஓடுவோம். உலகத்துக்கே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். 'மழை உப்புக்கு எதிரி' என்று திரையில் எழுதிவிடலாம் என்றேன்.

"எழுதுனா எவன்டா படிப்பான்? ஆடுறவங்க வீட்டுக்கெல்லாம் நாம கூடவே போய் நின்னு சொல்ல முடியுமா? உப்பு கரையறத மொதல்லயே கண்ணால பாக்கட்டும்."

ஆள் நகர்வதற்கு முன்பே ஒரு குட்டி அம்பாரம், அதன் மேல் சின்னத் தூறல், அது கரைகிறது. இதைச் சேர்க்க நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. நீ கிளம்புவதற்கு முந்தின நாள் பிரிண்ட் வாங்க செல்வி மறுபடி வந்தாள். நாம் இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊமைகளாக நின்றோம். மழை தூறியது. "ஐயையோ, உப்பு போவுதே!" என்று அலறிக்கொண்டு ஆளை ஓட்டினாள். தார்ப்பாய் விழுந்தது. நம்மைத் திரும்பிப் பார்த்து, "இன்னொரு வாட்டி ஆடட்டுங்களா?" என்றாள். நீ ரோட்டுக்கு ஓடிப் போய்க் குதித்துவிட்டு வந்தாய். அந்தச் சந்தோஷம் அதற்குப் பிறகு எந்த வேலையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் அங்கிருந்து போன் செய்தாய். அறையில் ஒருவர் பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார், எல்லோரும் நம் ஆட்டம்தான் ஆடினார்கள்.

"ஆனா எவனும் தார்ப்பாய் போட மாட்டேங்கறான்டா. இங்கதான் மழயே கெடையாதே, மழ வந்தா கைய எடுத்துட்டுப் பாத்துக்கினே இருக்கானுங்க. அதான், உப்பு, ஆளு எல்லாத்தயும் எடுத்துட்டேன். மழய மட்டும் விட்டுட்டேன்."

"அப்புறம் அது கேமே இல்லடா!" என்று கத்தினேன்.

"இன்னொரு வாட்டி கேக்கறானுங்களே!" என்று சிரித்தாய்.

இந்த வருஷம் அங்கேயே இறந்து, அங்கேயே அடங்கிப் போனாய். முகம்கூடப் பார்க்க முடியவில்லை என்பது ஆறவே மாட்டேன் என்கிறது. வேலை முடிந்து வந்து இன்னும் சின்னச் சின்ன ஆட்டங்கள் செய்கிறேன். யாரிடமாவது ஆடக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு, அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன். அது உன்னிடம் வாங்கியது.

நீ மெயிலில் அனுப்பிய அந்த ஆட்டமும் என்னிடம் இருக்கிறது. நேற்று சாப்பிடுவதற்கு முன்னால் திறந்தேன். ஆளில்லை, கூடையில்லை, திரை முழுக்க மழை. ஜெயிக்க அதில் ஒன்றும் கிடையாது. சோறு ஆறிப் போய்விட்டது, மச்சான். மூட மனசு வரவில்லை.