பெயர் சொல்லாமல் காட்டிக்கொடுத்தேன்

அன்புள்ள நேசன் மச்சான்,

நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகக் குறிகட்டுவானில் படகுக்கு வரிசையில் நின்றபோது நீர் என்னிடம் ஒன்று கேட்டீர். உம்முடைய அக்கா அர்ச்சனைத் தட்டோடு முன்னால் நின்றாள். நீர் குரலைத் தாழ்த்தி, “அத்தான், என்னை ஆர் காட்டிக்குடுத்திருப்பினம்?” என்றீர்.

நான் படகைப் பார்த்தேன். பிறகு, “உந்தக் கட்டுரையளை எங்கை பிறின்ற் எடுத்தனீர்? தில்லையற்றை கடையிலையோ?” என்று கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை விடைக்குக் கிட்ட வந்து தடுமாறும்போது ஆசிரியர் எடுத்துக் கொடுப்பாரே, அப்படி ஒரு கேள்வி. நீர் மெல்லத் தலையாட்டினீர். அன்றைக்குப் பிறகு நீர் தில்லையரின் கொமினிகேஷன் கடைப் படி ஏறவில்லை.

உம்மைக் காட்டிக்கொடுத்தது தில்லையர் இல்லை, நேசன். நான்.

இதை நீர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிட்டீர். எத்தனை ஞாயிறு!

யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதி எழுதும் கிளாக்கராக இருந்தீர். விடிய முதல் பஸ்ஸில் போய், பொழுதுபடத் திரும்புவீர். அதற்குள் பெயர் போடாமல் ஒரு வலைப்பூவும் எழுதினீர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. ஆனால் அதை ஊர் முழுக்க வாசித்தது. நானும் வாசித்தேன். குறிகட்டுவான் பஸ்ஸில் அதுதான் பேச்சு. “கிணத்துக் கதை வாசிச்சியளே? ஆரோ துணிஞ்ச கட்டை” என்பார்கள். “துணிஞ்ச கட்டையோ, விசர்க் கட்டையோ?” என்று பின்சீற்றில் இருந்து ஒரு குரல் வரும். எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போய் ஒருவரும் அந்தக் கட்டுரையின் கீழே ஒரு வரி எழுதமாட்டார்கள். பின்னூட்டப் பெட்டி எப்போதும் வெறுமையாகவே கிடந்தது.

அந்தக் கிணற்றுக் கட்டுரை எனக்கு இன்னும் மனப்பாடம். படைமுகாமுக்கென்று அடைத்த காணிக்குள் போய்விட்ட நல்ல தண்ணீர்க் கிணறு. நீர் யாரையும் திட்டவில்லை. உறுதியில் எழுதுவது போலவே எழுதினீர். “கிழக்கு: முள்ளுக்கம்பி. வடக்கு: முள்ளுக்கம்பி. மேற்கு: முள்ளுக்கம்பி. தெற்கு: கடல். இதற்குட்பட்ட கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் பதினாறு குடும்பங்களுக்கு உரியன. அந்தப் பதினாறு குடும்பமும் இன்று தண்ணீர்ப் பவுசருக்குக் காத்திருக்கின்றன.” அவ்வளவுதான். எங்கள் தீவில் உவர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் ஒரு சொல் தேவையா?

அது வந்த இரண்டாம் கிழமை, சிவில் உடுப்பில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். யாரென்று அவர்கள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் இந்தக் கடிதத்தை எழுதிப் பயனில்லை. கோடு போட்ட சேர்ட்டுக்காரர் நல்ல தமிழில் மரியாதையாகக் கதைத்தார். வலைப்பூக் கட்டுரைகளை அச்செடுத்த கடதாசிகளை மேசையில் வைத்து, “நல்ல எழுத்து, சேர். நீங்கள்தானே இந்தப் பக்கம் எல்லாருக்கும் தமிழ் படிப்பிச்சது. இதை வாசிச்சா உங்களுக்கு என்ன விளங்குது?” என்றார்.

கவனித்தீரா, நேசன்? யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. என்ன விளங்குகிறது என்றுதான் கேட்டார். முப்பது வருடமாக நான் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி அது. கிரகித்தல் பாடத்தில், முன்பின் தெரியாத ஒரு பந்தியைக் கொடுத்து, எழுதியவர் யாராக இருக்கலாம், எங்கே நின்று பார்க்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். ஓய்வுபெற்ற பிறகு ஒருவரும் என்னிடம் அப்படி ஒரு பந்தியைக் கொண்டுவந்து தரவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். “இது பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினது இல்லை” என்று தொடங்கினேன். “நாலு எல்லையையும் கிழக்கிலை தொடங்கி ஒழுங்காச் சொல்லுறார், பாருங்கோ. இது உறுதி எழுதிப் பழகின கை.” அவர் தலையாட்டினார். “எந்தக் கட்டுரையிலையும் யாழ்ப்பாணம் போற பாலத்தைச் சொல்லேக்கை விடியப்புற வெளிச்சம்தான் வருது. முதல் பஸ்ஸிலை போற ஆள்.” மற்றவர் கொப்பியில் எழுதினார். “கிணத்திலை தண்ணி அள்ளினவன் போலை எழுதுறார். அந்தக் கிணத்தடியிலை வளந்த...”

அந்த இடத்தில் நின்றேன். அந்தக் கிணற்றடியில்தான் உம்முடைய அக்காவை முதன்முதல் கண்டேன். அவளுக்குப் பின்னால் காற்சட்டையோடு வாளி தூக்கி நின்ற தம்பி நீர். நான் ஒவ்வொரு கோடாகக் கீறிய முகம் உம்முடையது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவர்கள் கொப்பியை மூடிவிட்டார்கள். அக்கா போட்டுக் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, “உதவிக்கு நன்றி, சேர்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாசல் படலையைச் சாத்திய உடனே உமக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். சைக்கிளில் நானே வந்திருக்கலாம். வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பீர். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வீட்டிலேயே இருந்தேன்.

மூன்றாம் நாள் உம்மைக் கூப்பிட்டார்கள். கணினியும் போனும் போயின. பிறகு கொழும்புக்கு வரச் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடிக்கவில்லை என்றுதான் நீர் சொன்னீர். கேட்ட கேள்வியையே கேட்டார்கள், அவ்வளவுதான் என்றீர். நொத்தாரிசு, “தம்பி, கொஞ்ச நாளைக்கு வீட்டிலை இரும்” என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. வலைப்பூவில் அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் இல்லை. போன ஆடியில் நெஞ்சுவலி என்று கதிரையில் சாய்ந்த நீர் பிறகு எழும்பவே இல்லை.

இத்தனை வருடமும் நான் எனக்குச் சொன்ன சமாதானம் ஒன்றுதான். நான் பெயர் சொல்லவில்லையே. ஒரு பெயரும் என் வாயிலிருந்து வரவில்லையே.

ஆசிரியன் இல்லையா, ஒரு உதாரணத்தோடுதான் எனக்கு எதுவும் விளங்கும். வகுப்பை விட்டு வெளியே போகும்போது மொனிற்றரிடம் வெண்கட்டியைக் கொடுத்து, “கதைக்கிறவையின்ரை பேரைப் பலகையிலை எழுது” என்று சொல்லிவிட்டுப் போவேன். எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான். திரும்பி வந்து பலகையில் உள்ளவர்களை எழுப்பி நிறுத்துவேன். அந்தப் பிள்ளை என்ன கதைத்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். கூரையில் பாம்பு என்று சொல்லியிருக்கலாம். கதைத்ததே குற்றம். இப்படி எத்தனை வகுப்பைப் பழக்கினேன்? பஸ்ஸில் சிரித்துவிட்டு வீட்டில் மௌனமாக இருந்தவர்களில் பாதிப்பேர் என் பிள்ளைகள்.

இப்போது இணையத்தில் எழுதுவதற்கென்றே சட்டம் வந்திருக்கிறது. பொய்யைத் தடுக்கத்தான் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எது பொய் என்று சொல்வதும் அவர்கள்தான். கேள்வி போடுகிறவரும் விடைத்தாள் திருத்துகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்தப் பரீட்சையில் யார் சித்தியடைவது?

போன மாதம் மறுபடியும் வந்தார்கள். வேறு ஆட்கள், வேறு கடதாசி. தீவுப் பக்கத்தில் யாரோ மீன்பிடித் துறையைப் பற்றி எழுதுகிறார்கள். முதல் பந்தியிலேயே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஆணா பெண்ணா என்றுகூட இங்கே எழுதமாட்டேன். அவ்வளவாவது கற்றிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கும் எனக்கு முதுகெலும்பு வரவில்லை, நேசன். “சொல்லமாட்டேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். “கண்ணாடி உடைஞ்சு போச்சு, வாசிக்க ஏலாது” என்றேன். அவர்கள் என் நெற்றியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கண்ணாடி அங்கேதான் இருந்தது.

அக்கா குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். “உங்களிட்டை ஏன் வாறவை?” என்று கேட்டாள். நான் சொன்னேன். தொடக்கத்திலிருந்து எல்லாம் சொன்னேன். அவள் துருவிக்கொண்டிருந்த தேங்காயைத் துருவி முடித்தாள்.

“அவனுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“தெரியாமலே போயிட்டான்.” துருவிய தேங்காய்ப்பூவை மூடி வைத்தாள். பிறகு, “மாஸ்ரர் வடிவா விளங்கப்படுத்துவார் எண்டு ஊரெல்லாம் சொல்லும். எனக்கு உது ஒருநாளும் பிடிக்கிறேல்லை. இனி உதையும் ஊருக்கு விளங்கப்படுத்துங்கோ” என்றாள். அன்று முதல் என்னோடு தேவைக்குத்தான் கதைக்கிறாள். சோறு போடுகிறாள், பக்கத்தில் இருப்பதில்லை.

அடுத்த நாள் தில்லையரிடம் போனேன். உம்முடைய செத்தவீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் படலைக்கு வெளியே நின்றவர் அவர். கேட்டு முடித்து, “ஏன் மாஸ்ரர், என்ரை கடைக்கு முன்னாலை வந்தா நேசன் ரோட்டின்ரை மற்றப் பக்கம் மாறுவான். நான் என்ன பிழை விட்டனான் எண்டு எத்தினை வருசம் யோசிச்சனான் தெரியுமோ?” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். “என்னட்டைக் கேட்டு என்ன? நான் அவன்ரை மூஞ்சையைப் பாத்து ‘நான் இல்லையடா’ எண்டு சொல்லவேணும். அதுக்கு ஆளைக் கொண்டு வாங்கோ” என்றார்.

நான் எழுந்து வந்தேன். வேறு என்ன செய்ய?

நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான். உம்முடைய வலைப்பூ இன்னும் திறந்துதான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கிணற்றுக் கட்டுரையின் கீழே போடுகிறேன். அந்தக் கிணற்றில் நானும் தண்ணீர் அள்ளினேன், பதினாறு குடும்பமும் உண்மை, நான்கு எல்லையும் உண்மை என்று என் பெயர் போட்டுச் சாட்சி சொல்கிறேன். இதற்காகக் கூப்பிட்டால் போவேன். யார் எழுத்தை நீட்டினாலும், “வாசித்தேன், விளங்கியது, சொல்லமாட்டேன்” என்பேன். இது உமக்கு நான் தரும் வாக்கு. எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இதை எழுதும்போதும் படலைச் சத்தத்தைக் காது தேடுகிறது.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் ஊரைப் பற்றி யாராவது உண்மையை எழுதியிருந்தால், எழுதியது யார் என்று தேடாமல், அதன் கீழே நீங்கள் கண்ணால் கண்டதை ஒரே ஒரு வரியில் எழுதி, உங்கள் பெயரைப் போடுங்கள்.

உம்முடைய அக்காவைக் கட்டிய அத்தான்,
வ. குணநாயகம்,
புங்குடுதீவு.