நான்காவது கதவின் சத்தம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் செருப்பு. விளம்பரப் படத்தில் ஒரு பெண் மழையில் குதிகால் செருப்போடு ஓடுகிறாள். அவள் ஓட்டத்தின் சத்தத்துக்காக நான் ஸ்டூடியோவில், தண்ணீர் ஊற்றிய தட்டுக்குள், நின்ற இடத்திலேயே ஓடினேன். அவளுக்கு வயது இருபது இருக்கும். என் முழங்காலுக்கு நாற்பத்தாறு.

தம்பி வரவில்லை. பல்வலியாம். போன மாதமும் பல்வலி. அவனுக்கு எத்தனை பல்தான் இருக்கிறது?

வெள்ளிக்கிழமை அந்தக் கார் திருட்டுப் படத்தின் இரண்டாம் பாகம் வருகிறது. முதல் பாகத்துக்கு ஒலி அமைத்தது நானும் தம்பியும்தான். இதற்கு இல்லை. போன வருஷமே சொல்லிவிட்டான்: "வெளிநாட்டுக் கம்பெனிக்குக் குடுத்துட்டாங்கக்கா. நம்ம கையில இல்ல." வலித்தது. பிறகு ஆறிவிட்டது.

ஆறிவிட்டதா?

மார்ச் 5, வியாழன்

வீட்டுக்காரர் சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். "நீ பண்ணலன்னா என்ன, கார் ஓடாதா?" என்கிறார். இவருக்குக் கார் ஓடினால் போதும், பறந்தால் இன்னும் நல்லது.

எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது கார் இல்லை, கதவு. திருட்டுக் கும்பலில் நான்கு பேர். நான்கு கதவும் மூடும்வரை ஓட்டுகிற பெண் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டாள். கார் நிறுத்துமிடத்துச் சாய்தளத்தின் வாயிலில் போலீஸ் வந்து நின்றாலும் எடுக்க மாட்டாள். இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. டப், டப், டப்... நான்காவதுக்காகத் தியேட்டரே காத்திருக்கும். டொம். அப்புறம்தான் எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

அந்தச் சத்தம் எங்கள் பழைய காருடையது. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தம்பி மைக்கைப் பிடிக்க, நான் கதவு கதவாகச் சாத்தினேன். பின்பக்க இடது கதவில் ரப்பர் தேய்ந்திருக்கும். அதனால் அது மட்டும் பெருமூச்சு விட்ட மாதிரி மூடும். "வளையலைக் கழட்டுக்கா, கிணுங்குது" என்பான். கழன்றால்தானே! சோப்புப் போட்டும் வராது. சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கிணுங்கலையும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து துடைத்தெடுத்தான். ஒரு வாரம்.

மார்ச் 7, சனி

நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு மனசு வராது.

தொடக்கம் அபாரம். விளக்கையும் என்ஜினையும் அணைத்துவிட்டு, வரிசையாகக் கார்கள் சாய்தளத்தில் தாமாகவே உருண்டு இறங்குகின்றன. காவலாளி முதுகைக் காட்டி ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறான். டயர் தரையை உரசும் சத்தம் மட்டும். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். யார் செய்தாலும் நல்ல காது என்று நினைத்தேன். இடைவேளைக்குப் பிறகு ஒரு கார் பாலத்திலிருந்து ரயில்மேல் குதிக்கிறது. இறங்குகிறவர்களின் தலைமுடிகூடக் கலையவில்லை. முதல் பாகத்தில் இவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். இப்போது யாருக்கும் எதுவும் ஆகாது என்று நமக்கே தெரிகிறது. தெரிந்தும் இவர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

பிறகு அந்தத் தங்க நிறக் கார். நால்வரும் ஓடிவந்து ஏறுகிறார்கள். டப். டப். டப்.

டொம் — கிணிங்.

என் வளையல்.

உலகத்திலேயே விலை உயர்ந்த கார் என்று அப்போதுதான் வசனம் பேசினார்கள். அதற்கு என் ஓட்டைக் காரின் கதவு. அந்த வளையல் சத்தத்தோடு இருக்கும் பதிவு இரண்டே இடத்தில்தான் உண்டு. ஒன்று ஸ்டூடியோ அலமாரியில். இன்னொன்று தம்பியிடம்.

அதற்கப்புறம் படம் என்ன ஆனது என்று தெரியாது. கடைசியில் ஓடிய பெயர்களில் ஏதோ ஒரு கம்பெனிப் பெயர் மட்டும். பெருக்குகிறவர்கள் வந்துவிட்டார்கள். "ஒரு கதவுச் சத்தத்துக்கா அழுற?" என்றார் இவர். ஆமாம்.

மார்ச் 8, ஞாயிறு

நல்ல காது என்று நினைத்தேனே. அது அவன் காது.

மார்ச் 9, திங்கள்

இன்று பல்வலி இல்லை, வந்தான். நான் செருப்புகளை அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"ரெண்டாம் பாகம் நீதானா?"

"யாருக்கா சொன்னா?"

"என் வளையல்."

உட்கார்ந்துவிட்டான். ரொம்ப நேரம் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு, "தயாரிப்பாளர் தனியா வரச் சொன்னாருக்கா. உங்கக்கா ஒரு கதவுக்கு ஒரு வாரம் எடுப்பாங்க, இதுல நாப்பது கார் இருக்குன்னாரு" என்றான்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்கும் ஒரு தடவ தனியா பண்ணிப் பாக்கணும்னு இருந்துச்சு. எங்க போனாலும் அக்காவும் தம்பியும். அக்கா முன்னாடி, நான் ஒயரத் தூக்கிட்டுப் பின்னாடி."

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே எல்லாத்தையும் குடுத்திருப்பேனேடா."

"குடுத்திருப்பன்னு தெரியும். அதனாலதான் கேக்கல."

அடுத்த ஜோடியை அடுக்கிவிட்டு, "வளையலயாவது துடைச்சிருக்கலாம்ல?" என்றேன்.

"நேரமில்லக்கா. அவ்ளோ சத்தத்துல யாருக்குக் கேக்கப்போவுதுன்னு விட்டுட்டேன்."

பொய் சொன்னதைக்கூட நாளாவட்டத்தில் விழுங்கிவிடலாம். யாருக்குக் கேட்கப்போகிறது? நாங்கள் இருவரும் சோறு தின்பதே யாரோ ஒருத்தருக்குக் கேட்கும் என்ற நம்பிக்கையில்தானே?

மார்ச் 15, ஞாயிறு

அம்மா போனில்: "அவன் சின்னவன்டி. நீதான் பெரிய மனசு பண்ணணும்."

சின்னவன்! முன்மண்டை வழுக்கை விழுந்து இரண்டு வருஷமாகிறது.

"பண்ணிப் பண்ணி மனசு தொளதொளன்னு ஆயிடுச்சும்மா. ஒரு சைஸ் குறைச்சுக்கலாம்னு இருக்கேன்" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. "அவனுக்கும் சோறு இறங்கலயாம்" என்று வைத்துவிட்டாள். எனக்கு இறங்குகிறதா என்று கேட்டிருக்கலாம்.

மார்ச் 22, ஞாயிறு

தனியாக, பகல் காட்சிக்குப் போனேன். ஏன் போனேன்? மிச்சத்தைப் பார்க்க. இல்லை — இன்னொரு முறை கேட்க. இரண்டு வரிசை தள்ளி ஒரு குடும்பம். கிணிங் கேட்டு யாரும் திரும்பவில்லை. அவன் சொன்னது சரிதான். அதுவே எரிச்சல்.

அன்று நான் பார்க்காமல் விட்டது இதுதான்: ஓட்டுகிற பெண், கும்பலில் பூட்டுத் திறக்கிற பூட்டுக்காரரை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். அவர் கைப்பிடியில் கை வைத்திருக்கிறார், கார் கிளம்பிவிடுகிறது. நான்காவது கதவு மூடவே இல்லை! முதல் பாகம் முழுக்க எதற்காகக் காத்திருந்தோமோ, அதை ஒரு திருப்பத்துக்காக விற்றுவிட்டார்கள். சரி, துணிந்து செய்தீர்கள், அந்த வலியையாவது கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கலாம். அதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, எல்லாம் திட்டம், வில்லனை ஏமாற்றப் போட்ட நாடகம் என்கிறாள். பூட்டுக்காரரும் "எனக்கு அப்பவே தெரியும்" என்று கண்ணடிக்கிறார். ஒரே விசில்.

என்ன சௌகரியம்! துரோகம் என்றால் அதற்குப் பின்னால் ஒரு திட்டம், திட்டத்துக்குப் பின்னால் பாசம். ஸ்டூடியோ வாசலில் நின்று நானும் சில நாள் எதிர்பார்த்தேன். வந்து, "எல்லாம் சும்மாக்கா" என்று சொல்வான் என்று.

வெளியே வரும்போது, நானாக இருந்தால் அந்தத் தங்கக் காரை வேறு மாதிரி செய்திருப்பேன் என்று தோன்றியது. கதவே கேட்கக் கூடாது. மூச்சு மாதிரி மூட வேண்டும். அதற்கும் ஒரு வாரம் எடுத்திருப்பேனோ என்னவோ.

ஏப்ரல் 9, வியாழன்

பிரித்துக்கொண்டோம். மைக்குகள் அவனுக்கு, இடம் எனக்கு. செருப்பு மூட்டையை மட்டும் இருவருமே கேட்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 20, சனி

ஓர் ஆவணப்பட இயக்குநர் வந்தார். படம் முழுக்க ஒரே ஒரு தையல் மெஷின். "அவசரமில்லங்க" என்றார். இந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

ஆகஸ்ட் 2, ஞாயிறு

தம்பி வந்திருந்தான், புது மைக்கோடு. மூன்றாம் பாகமாம். தயாரிப்பாளர் அதே கதவைக் கேட்கிறாராம்.

"இந்தத் தடவ உன்னக் கேட்டுட்டே எடுக்கிறேன். நீ வந்து சாத்துக்கா. வளையலோட இருந்தாலும் பரவால்ல."

"நீயே சாத்திக்கோ. வண்டி கீழதான் நிக்குது" என்று சாவியைக் கொடுத்தேன். நானும் கூட இறங்கினேன்.

மைக்கை நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பின்பக்க இடது கதவைச் சாத்தினான். திறந்து மறுபடி சாத்தினான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை.

"என்னக்கா பண்ண?"

"நாலு கதவுக்கும் ரப்பர் மாத்திட்டேன். மழைத் தண்ணி உள்ள வந்துச்சு."

புது ரப்பரை விரலால் தடவிப் பார்த்தான். காபி குடிக்கிறாயா என்று கேட்டேன். குடித்தான். தையல் மெஷின் எப்படிப் போகிறது என்று கேட்டான், சொன்னேன். பல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சிரிக்கப் பார்த்தான்.

அவன் போகும்போது வாசற்கதவை நான்தான் சாத்தினேன். வளையல் கிணுங்கியது. படியில் அவன் காலடி ஒரு கணம் நின்று, பிறகு இறங்கிப் போனது.