பரளச்சிக் காரின் டைமிங்

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

பரளச்சி ஊர்க்காரர் அழகுராஜாவின் கார் லாரியில் ஏறி நம் கடைக்கு வந்தது. ஜெர்மன்காரன் செய்தது. இரண்டே சீட், ஐம்பது வயது. பெட்ரோல் வண்டிதான், ஆனால் கார்புரேட்டர் கிடையாது. டீசல் வண்டி மாதிரி பம்பும், பெட்ரோலைப் பீய்ச்சுகிற நாசிலும். அதனால்தான் டீசல் பம்பைத் தவிர எதையும் தொடாத என்னிடம் வந்திருக்கிறது. இன்ஜின் வேலை பார்த்து பம்பை மாட்டியது நம் மாப்பிள்ளை தங்கபாண்டி. தங்கச்சி ஜெகதீஸ்வரியின் வீட்டுக்காரர், திருச்சுழியில் ஷெட் வைத்திருக்கிறார். வண்டி ஓடுகிறது, இழுவை இல்லை என்கிறார்கள்.

5 பிப்ரவரி

நாலு நாசிலில் மூன்று அடைப்பு. வருஷக்கணக்காக நின்ற வண்டி, பெட்ரோல் கோந்தாகிக் கிடக்கிறது. சுத்தம் செய்தேன்.

பிறகு டைமிங், அதாவது பம்ப் எந்த நேரத்தில் பெட்ரோல் விடுகிறது என்று பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. முதல் சிலிண்டர் காற்றை உறிஞ்சும்போது பம்ப் பெட்ரோல் விடுகிற மாதிரி வைத்திருக்கிறார் மாப்பிள்ளை. காற்றை நெருக்கி முடிக்கும்போதல்லவா விட வேண்டும்? முப்பது வருஷமாக நான் வைப்பது அப்படித்தானே?

அழகுராஜா வாசலில் நின்றார். "யாருண்ணே இப்படி வச்சது?"

"நம்ம மாப்ளதான். பம்பு தெரியாதவுக பம்புல கை வைக்கக் கூடாது" என்றேன். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

7 பிப்ரவரி

அழகுராஜா நேற்றுத் திருச்சுழிக்கே போய், மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். வேலைக்கு விட்டிருந்த இரண்டு டிராக்டரையும் ஷெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெகதீஸ்வரி போன் செய்தாள். "ஏண்ணே, அவுககிட்ட ஒரு போனு போட்டுச் சொல்லக் கூடாதா? ஊரு பூரா சிரிக்கணுமா?"

தொழில் வேறு, உறவு வேறு என்றேன். வைத்துவிட்டாள்.

8 பிப்ரவரி

டைமிங்கை என் கணக்குக்கு மாற்றி ஸ்டார்ட் செய்தேன். இருமல். கரும்புகை.

10 பிப்ரவரி

அதே புகை. நாசிலில் குறையில்லை. பம்பிலும் இல்லை. பிறகு என்ன எழவு?

11 பிப்ரவரி, செவ்வாய்

நாசிலைக் கழற்றி ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். பிஸ்டன் தெரியவில்லை. வால்வுத் தண்டு தெரிகிறது. இன்ஜினைக் கையால் சுற்றினேன். வால்வு இறங்கித் திறந்தது, ஏறி மூடியது.

அப்படியானால் இந்த வண்டியில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை. வால்வுக்கு வெளியே, காற்று வரும் வழியில் விழுகிறது. உறிஞ்சும்போது விட்டால்தான் காற்றோடு கலந்து ஒழுங்காக உள்ளே போகும். நெருக்கும்போது வால்வு மூடிக் கிடக்கும். பூட்டின கதவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன், மூன்று நாளாக.

நாசில் இன்ஜின் தலையில் திருகியிருப்பதைப் பார்த்து டீசல் மாதிரிதான் என்று நானே முடிவு கட்டி — ச்சே. மாப்பிள்ளை வைத்ததுதான் சரி. குறை அடைப்பு மட்டும்தான். அட மடப்பயலே பூமிநாதா, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தியாடா?

12 பிப்ரவரி

மாப்பிள்ளை வைத்திருந்த இடத்திலேயே டைமிங்கைத் திருப்பி வைத்தேன். முதல் ஸ்டார்ட்டிலேயே பிடித்தது. புகை இல்லை. அழகுராஜா பந்தல்குடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கைன்னா இதுதாண்ணே கை. அந்தாளு கெடுத்து வச்சத சரி பண்ணிட்டீகளே!"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

13 பிப்ரவரி

இன்றும் சொல்லவில்லை.

14 பிப்ரவரி

வேலை அதிகம், திருச்சுழி போக முடியவில்லை. — பொய். மூன்றே பம்புதான் இருந்தது.

16 பிப்ரவரி, ஞாயிறு

பஸ் ஏறிப் போனேன். ஷெட் பூட்டிக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். ஒரு வாரமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாராம்.

"ஏன் மாப்ள?"

"நாலு தடவ சுத்திப் பாத்துத்தான் வச்சேன் மச்சான். ஆனா நீங்க தப்புன்னா தப்பாத்தான இருக்கும்? அதுக்கப்புறம் எந்த வண்டியிலயும் கை வைக்கப் பயமா இருக்கு."

என்மேல் கோபமே இல்லை அந்த மனுஷனுக்கு. அதுதான் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"செவ்வாக்கெழம."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம மச்சான்."

டீ கொண்டுவந்த ஜெகதீஸ்வரி, தம்ளரோடு திரும்பி உள்ளே போய்விட்டாள்.

17 பிப்ரவரி

அழகுராஜாவை வரச் சொன்னேன். அதே டீக்கடை ஆட்கள் முன்னால் சொன்னேன்: "மாப்ள வச்சதுதான் சரி. தப்பா மாத்துனது நானு."

"அப்ப அவுகள நான் அந்தப் பேச்சு பேசுனது?"

"எம்பேச்சக் கேட்டுப் பேசுனது. போய் அவுககிட்ட சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பரவாயில்லை, பார்க்கட்டும்.

3 மார்ச், திங்கள்

மாப்பிள்ளை ஷெட்டைத் திறந்துவிட்டார். அழகுராஜாவின் டிராக்டர்கள் திரும்ப அங்கேதான் நிற்கின்றனவாம். காரும்.

இருபது வருஷமாக அந்த ஷெட்டுப் பம்பெல்லாம் என்னிடம்தான் வரும். இப்போது விருதுநகருக்குப் போகிறது என்று லோடு வேன் டிரைவர் சொன்னார். ஏன் என்று போன் செய்து கேட்டால் மாப்பிள்ளை மரியாதையாகத்தான் பதில் சொல்வார். நான் கேட்கவில்லை.